படகுத்துறைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?

நாம் பேசுவதை எழுதிக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பேனா மூடியைக் கழற்றுகிற ஆள் என்றால் இன்னும் மோசம். லாவால் நகரத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி பெஸ்னார் அப்படிப்பட்ட ஆள். சுத்தமான நகங்கள். எதற்கும் தலையாட்டுவார். தலையாட்டுகிறவன் ஒப்புக்கொள்கிறான் என்று நினைப்பவன் முட்டாள். அன்றைக்கு எங்கள் ஊரே முட்டாளாக இருந்தது, நானும் சேர்த்துத்தான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் லா ரூவ்ரியிலிருந்து ஆற்றுக்கு ஒரு பாதை இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஆளுயர மண்கரை, அதன்மேல் ஓக் மரமும் முள்ளுமாக வேலி. மேலே கிளைகள் கோத்துக்கொண்டிருப்பதால் ஆகஸ்ட் மாத வெயிலிலும் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். பாதையின் கடைசியில் படகுத்துறை. பாதை ஊருக்குச் சொந்தம். பக்கத்தில் இருக்கும் பழைய மாவு ஆலையை பாரீஸ்காரர் ஒருவர் வாங்கி வீடாக்கிக்கொண்டார். பெயர் தெல்கூர். அவர் இப்போது பாதையையும் விலைக்குக் கேட்கிறார். வாங்கினால் கேட் போட்டுப் பூட்டுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மேயருக்கு விற்க ஆசை. வேலி வெட்டுகிற செலவு மிச்சம். ஆனால் ஊர்ப் பாதையை நினைத்த மாதிரி விற்க முடியாது. அதில் யாரும் நடப்பதில்லை என்று முதலில் தெரியவேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் லாவாலிலிருந்து ஆள் வந்து, ஊராட்சி மன்றத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறார்.

எனக்கு அந்தப் பாதை வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன் என்று இழுக்கமாட்டேன். என் மனைவி தெனீஸுக்குக் கல்லறை கிடையாது. தன்னை எரிக்கச் சொன்னாள், சாம்பலைப் படகுத்துறையில் ஆற்றில் விடச் சொன்னாள். விட்டேன். எனவே அவள் இருக்கும் இடம் என்று நான் கைகாட்டக்கூடியது அந்தத் துறை மட்டும்தான். பூட்டிவிட்டால் அதுவும் இல்லை.

முதல் விசாரணை ஒரு சனிக்கிழமை காலை. வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவது எல்லோருக்கும் கேட்டது. எனக்கு முன்னால் ஒனொரே. நானும் அவனும் ஒரே வகுப்பில் அடி வாங்கியவர்கள். அவன் கசாப்புக் கடை வைத்திருந்தான், நான் பண்ணை பண்ணையாகப் பால் லாரி ஓட்டினேன். இரண்டு பேரும் இப்போது சும்மா இருக்கிறோம்.

"எழுதிக்கங்க ஐயா," என்றான் ஒனொரே, தொப்பியை மேசைமேல் வைத்து. "அப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா ஊரே அந்த வழியாத்தான் இறங்கும். துறைக்குப் பக்கத்துல நடனக் கொட்டகை. பொரிச்ச மீனு, ஆப்பிள் மது, அக்கார்டியன். பாதிரியார் மட்டுந்தான் வரமாட்டாரு. அவரும் வருவாரு, நாங்க பாக்காத மாதிரி இருப்போம்."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே எழுதினார்.

"கடைசியா எப்போ போனீங்க?"

"அது இருக்கும் ரொம்ப நாளு. என் முழங்காலைப் பாத்தா தெரியலையா?"

அடுத்து கஃபே நடத்தும் சொலாஞ்ச் உள்ளே போனாள். துறையில் துணி துவைத்ததை, சோப்பு நுரை ஆற்றோடு போவதைப் பார்த்துக்கொண்டே அவள் அம்மா ஊர் வம்பையெல்லாம் அவிழ்த்துக் கொட்டியதைச் சொன்னாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெல்லாங்ஜே டீச்சர், தலைப்பிரட்டை பிடிக்கக் குழந்தைகளை அழைத்துப் போன காலத்தைச் சொன்னாள். எல்லோரும் நன்றாகத்தான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கே மூக்கில் அந்த மீன் பொரித்த எண்ணெய் வாசனை வந்துவிட்டது.

பிறகு நான். எனக்குப் பேச்சு வராது. ஆனால் அன்றைக்கு வந்தது. தெனீஸ் பாதையின் தொடக்கத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள், நடனத்துக்கு முன்னால் சேறு ஆகிவிடக் கூடாதென்று. வெறுங்காலோடு சேற்றில் இறங்கிப் போவாள், போகும்போதே பாடுவாள். குரல் நன்றாக இருக்காது, ஆனாலும் பாடுவாள். துறையில் உட்கார்ந்து காலை ஆற்றில் கழுவுவாள். நான் என் கைக்குட்டையைக் கொடுப்பேன், அவள் அதில் துடைத்துக்கொண்டு, ஈரத்தோடு என் சட்டைப் பையில் திணிப்பாள். இரவு வீட்டுக்குத் திரும்பும்போதும் பை ஈரமாகத்தான் இருக்கும். இதையெல்லாம் சொன்னேன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அழகாச் சொல்றீங்க ஐயா. கடைசியா எப்போ போனீங்க?"

"அது உமக்கு எதுக்கு?"

"கேக்குறது என் வேலை."

"பதில் சொல்றது என் வேலை இல்ல."

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கடைசியாகப் போனது சாம்பல் கலயத்தோடு. அதன்பிறகு போகவில்லை. அதை அந்தச் சுத்தமான நகத்துக்காரரிடம் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

வெளியே சதுக்கத்தில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் நினைப்பு. சொலாஞ்சின் கஃபேயில் உட்கார்ந்து சீட்டாடினோம். ஒனொரே தான் நன்றாகப் பேசினதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் மறுபடி பேசிக்காட்டினான். மத்தியானம் டீச்சர் வந்தாள். உட்காரவில்லை. கோட்டுப் பொத்தான் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"என்ன டீச்சர், முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றான் ஒனொரே. "நம்ம பாதை நமக்குத்தான். ஒரு கிளாஸ் போடுங்க."

"நம்மளே அதை வித்துட்டு வந்திருக்கோம்."

"யாரு வித்தா?"

"நீங்க, நான், சொலாஞ்ச், எமிலியன்," என்று கடைசியில் என்னைக் காட்டினாள். "எல்லாரும். அப்பெல்லாம் போவோம், அப்பெல்லாம் ஆடுவோம், அப்பெல்லாம் துவைப்போம். அந்த ஆளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அங்க இன்னும் ஆளு நடக்குதா? நாம வரிசையில நின்னு, இல்ல, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வந்திருக்கோம். அதுவும் எவ்வளவு அழகா!"

"நான் முடிஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"இன்னைக்கும் போறவன் அப்படிப் பேசமாட்டான், ஒனொரே. நேத்துப் போனேன், வழுக்கி விழுந்தேன், முள்ளு கிழிச்சுதுன்னு சொல்லுவான். நானும் அதையேதான் செஞ்சேன். வாழ்க்கை பூரா கரும்பலகையில இந்தக் கால இலக்கணத்தைத்தான் எழுதிப் போட்டேன். வீட்டுக்குப் போய் சூப்பை அடுப்புல வைக்கும்போதுதான் எனக்கே உறைச்சுது."

யாரும் சீட்டை இறக்கவில்லை. சொலாஞ்ச் மட்டும், "நான் வேற அழுதேனே," என்றாள்.

டீச்சர் சொன்னது எனக்குப் புதிதல்ல. எங்கள் மொழியில் கடந்துபோனதைச் சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, திரும்பத் திரும்ப நடந்ததற்கும் இழுத்துக்கொண்டே கிடந்ததற்கும்: மழை பெய்துகொண்டிருந்தது, ஞாயிறுதோறும் போவோம், அவள் பாடுவாள். அதற்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. இன்னொன்று, ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு: கதவு திறந்தது, விழுந்தான், செத்தான். இது போதாதென்று மூன்றாவதாக ஒன்று புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை வாயால் யாரும் பேசமாட்டார்கள். ராஜாக்கள் சாவதற்கும் போர்கள் முடிவதற்கும் மட்டும்தான் அது. எங்கள் வாத்தியார் கொத்ரோ, எந்த இடத்தில் எது என்று தெரியாதவர்களின் விரல் நுனியில் அளவுகோலின் விளிம்பால் அடிப்பார். ஒரு தடவை, எங்கள் பசு செத்ததைக் கட்டுரையாக எழுதினேன். பசு செத்துக்கொண்டே இருந்தது போல எழுதிவிட்டேன் என்று வகுப்பே சிரித்தது. ஒரு பசு ஒரு தடவைதான் சாகும், லெதெசியே, என்றார் வாத்தியார், என் குடும்பப் பெயரைச் சொல்லி. அடி வலித்தது. ஆனால் பசு உண்மையில் இரவு முழுக்கச் செத்துக்கொண்டேதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். போனால் போகட்டும் என்று இருந்தது.

கஃபேயில் அன்று நான் யோசித்தது வேறு. தெனீஸைப் பற்றி இத்தனை வருடமாக நான் பேசுவதெல்லாம் அந்த முதல் வகையில்தான். பாடுவாள், சிரிப்பாள், உப்பு அதிகமாகப் போடுவாள். அவள் போனதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊருக்குத் தெரியும், எதற்குச் சொல்லவேண்டும்?

"இப்ப என்ன பண்றது?" என்றாள் சொலாஞ்ச்.

"இன்னொரு விசாரணை பாக்கி இருக்கு," என்றாள் டீச்சர். "புனிதர் அனைவர் திருநாள் முடிஞ்சதும் வர்றாரு."

"அப்ப போய் மாத்திச் சொல்லிட்டா போச்சு. வாரா வாரம் போறேன்னு சொல்றேன்," என்றான் ஒனொரே.

"பொய்யா?"

"பொய் இல்ல டீச்சர், கொஞ்சம் முன்கூட்டியே சொல்றது."

"உன் முழங்காலு அவருகிட்ட ஏற்கெனவே சாட்சி சொல்லிருச்சு," என்றேன் நான்.

அவனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "நீ பேசாத. நீயாவது போயிருக்கலாமே? உன் பொண்டாட்டியே அங்கதான் இருக்கா. ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தியா?"

சீட்டை மேசைமேல் போட்டேன். சொலாஞ்ச், "ஒனொரே!" என்று அதட்டினாள். அவன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை அடித்திருப்பேன். ஆனால் அவன் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னவனை அடித்தால் கைதான் வலிக்கும்.

ஏன் போகவில்லை என்றால், இறங்கும்போது எனக்கு ஒன்றும் ஆகாது, துறைக்கு வந்து சேரும்போதுதான் தாங்காது. அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் மேயர் தெருவில் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதுதான் இருக்கும். எப்போதும் புது ஷூ.

"பெரியவரே, கேள்விப்பட்டேன். என்ன ஒரு நினைவுகள்! அதிகாரியே சொன்னாரு, இப்படி ஒரு விசாரணை அவர் நடத்தினதே இல்லையாம். இதெல்லாம் வீணாப் போகக் கூடாது. நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன்."

"என்ன?"

"ஒரு பலகை. மெருகு போட்ட பலகை. சதுக்கத்துல வெக்கலாம். பழைய போட்டோ, கொட்டகை, நடனம், உங்க எல்லார் பேரும். இங்கே ஒரு பாதை இருந்தது, அப்படின்னு ஆரம்பிக்கலாம்."

"இருந்தது?"

"ஆமா. நல்லா இருக்கும்ல?"

"அது இருக்கு, மேயரே."

"சரிதான், ஆனா யாரும் நடக்கலையே," என்றார் சாதாரணமாக. கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணம் இருந்தால் பதில் சொல்லலாம்.

புனிதர் அனைவர் திருநாள் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று ஊர் முழுக்கச் செவ்வந்தித் தொட்டிகளோடு கல்லறைக்குப் போகும். மஞ்சள், வெள்ளை, கத்திரிப்பூ நிறம். வேறு நாளில் அந்தப் பூவை யார் வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது. சாவு வந்துவிட்டது என்று கதவைச் சாத்துவார்கள். நான் வருடா வருடம் அம்மா அப்பாவுக்கு ஒரு தொட்டி வைப்பேன், பத்து நிமிடம் நிற்பேன், வந்துவிடுவேன். இந்தத் தடவை இரண்டு வாங்கினேன்.

கல்லறை வாசலில் ஒனொரே நின்றுகொண்டிருந்தான். கஃபே சண்டைக்குப் பிறகு அவனோடு பேசவில்லை. இரண்டாவது தொட்டியைப் பார்த்தான், என் இடுப்பில் கொடுவாளையும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு தொப்பியை மட்டும் தூக்கினான்.

ஆற்றுப் பாதையின் வாசலிலேயே முள் ஆளுயரத்துக்கு மண்டியிருந்தது. தொட்டியைக் கீழே வைத்து வெட்டுவேன், நாலடி போவேன், திரும்பி வந்து தொட்டியை எடுத்துப் போவேன். சேறு பழைய சேறு மாதிரியேதான், பூட்ஸைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. நின்ற இடத்தில் எல்லாம் ஏதாவது ஒன்று நினைவு வந்தது. இங்கே உட்காருவோம். இங்கே அவள் செருப்பைக் கழற்றுவாள். வழக்கம்போல எல்லாம் நீட்டி நீட்டித்தான் வந்தது.

ஆனால் பாதை வளைகிற இடத்தில் வேர் ஒன்று தடுக்கி, தொட்டியோடு முட்டி போட்டு விழுந்தேன். விழுந்த இடத்திலேயே ஒன்று ஞாபகம் வந்தது. இதே வேரில் தெனீஸ் ஒரு தடவை விழுந்தாள். கல்யாணத்துக்கு முன்னால். நான் சிரித்துவிட்டேன். அவள் எழுந்து ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அந்தக் கன்னத்தையே தடவிப் பார்த்தாள். அன்றைக்கு நான் அவளிடம் கேட்டேன். அவள் சரி என்றாள். ஒரே தடவைதான் கேட்டேன், ஒரே தடவைதான் சொன்னாள். இதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. எனக்கே அது ஞாபகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சேர்ந்து அதை மூடி வைத்திருந்தன.

எழுந்தேன். அதன்பிறகு தொட்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையால் வெட்டிக்கொண்டே போனேன்.

துறையின் கற்கள் வழுக்கின. கொட்டகை இருந்த இடத்தில் நாணல். ஆறு மட்டும் அதே ஆறு. தொட்டியை ஓரக் கல்லில் வைத்தேன். எனக்கு ஜெபம் தெரியாது. "வந்துட்டேன்," என்றேன். உட்கார்ந்திருந்தேன்.

ஆலைப் பக்கத்திலிருந்து தெல்கூர் வந்தார். மெல்லிய ஆள், தோளில் கம்பளிச் சால்வை.

"வணக்கம். வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்ல."

"இந்தப் பக்கம் யாரும் வர்றதில்லை. நான் வந்ததிலேருந்து ஒருத்தரைக் கூடப் பாத்ததில்லை. அதனாலதான் வாங்கலாம்னு நெனச்சேன், யாருக்கும் வேண்டாம்போலன்னு."

"இப்ப ஒருத்தனைப் பாத்துட்டீங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார். "பூ யாருக்கு?"

"என் மனைவிக்கு."

சுற்றுமுற்றும் பார்த்தார், கல்லறை எங்கே என்று தேடினார் போலிருக்கிறது. "எங்க இருக்காங்க?"

"ஆத்துல."

மனிதர் வெளிறிப் போய்விட்டார். "ஐயோ! எப்போ? ஆளைக் கூப்பிடணுமா? ஃபோன் பண்ணட்டுமா?"

"பண்ணாதீங்க. எரிச்சு, சாம்பலை விட்டேன். வருஷம் பல ஆச்சு."

"மன்னிச்சிடுங்க," என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நல்ல மனிதராக இருக்கலாம். நல்ல மனிதர்களும் கேட் போடுவார்கள்.

மறுநாள் கஃபேயில் போய்ச் சொன்னேன்: "நான் நேத்துப் போனேன். துறை வரைக்கும் வெட்டிவிட்டிருக்கேன், ஒரு ஆளு போற அகலத்துக்கு. அதிகாரிகிட்ட அழகாப் பேசினவங்க எல்லாம் காலையும் கொஞ்சம் அசைக்கலாம்."

அன்று சாயங்காலமே டீச்சர் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். அதற்கு அடுத்த நாள் சொலாஞ்சின் தங்கை புருஷன் தூண்டிலோடு போனான், மூன்று மீன் பிடித்ததாகச் சொன்னான், யாரும் நம்பவில்லை, அதைச் சரிபார்க்க இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒனொரே இரண்டு கைத்தடியோடு வந்தான். வளைவு வரைக்கும் வந்து, கரையில் உட்கார்ந்து, என் தாயாரில் தொடங்கி மேயர் வரைக்கும் எல்லோரையும் திட்டினான். பிறகு, "தொட்டி எங்க வெச்ச, காட்டு," என்றான். கையைக் கொடுத்தேன். துறை வரைக்கும் வந்தான்.

இரண்டாவது விசாரணைக்கு நான்தான் முதல் ஆள். உட்காரச் சொன்னார் அதிகாரி. உட்காரவில்லை.

"போன தடவை ஒண்ணு கேட்டீரு. பதில் சொல்லாமப் போயிட்டேன். இப்ப சொல்றேன். என் மனைவியோட சாம்பலை விட்டப்போ போனேன். அப்புறம் போகல. எனக்கு முடியல. திருநாள் அன்னைக்குப் போனேன். முந்தாநாள் போனேன். அவ்வளவுதான். எழுதிக்கும்."

அவர் உடனே எழுதவில்லை. "ஐயா, உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. ஆனா நானும் உண்மையைச் சொல்லணும். ஒருத்தர் ரெண்டு தடவை போனதை வெச்சு, ஊர் நடக்குதுன்னு நான் எழுத முடியாது."

"மத்தவங்களைப் பத்தி நான் பேசமாட்டேன். அவங்கவங்களுக்கு வாய் இருக்கு."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தெல்கூர் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. என்னைக் கவனிக்கவே இல்லை.

"ஐயா, நான் ஒரு புகார் பதிவு பண்ணணும். அமைதிக்காகத்தான் அந்த ஆலையை வாங்கினேன். போன வாரத்திலேருந்து என்ன நடக்குது தெரியுமா? காலையில ஒரு அம்மா நாயோட, அது என் சுவருக்குப் பக்கத்துல தெனம் குலைக்குது. மத்தியானம் தூண்டில்காரங்க, மூணு மீனா ரெண்டு மீனான்னு சண்டை. ஞாயித்துக்கிழமை ஒரு கிழவர் ரெண்டு தடியோட வந்து, நான் வாழ்க்கையில கேக்காத வார்த்தையெல்லாம் பேசினாரு. சைக்கிள் வேற! ஏதோ பாரீஸ் பெருந்தெரு மாதிரி ஆயிருச்சு."

அதிகாரி மெதுவாகப் பேனாவை எடுத்தார். "அப்படின்னா ஜனங்க நடக்குறாங்கன்னு சொல்றீங்க."

"நடக்குறதா? ஓயுறதே இல்ல!"

"தினமுமா?"

"தினமும்!" என்றார் தெல்கூர். சொல்லி முடித்த பிறகுதான் மேசைமேல் பேனா ஓடுவதைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறை சொல்வதில் எங்கள் நாட்டுக்காரனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் ஒரு குறையைச் சொல்ல ஆரம்பித்தால் தன் சொத்தே போனாலும் முடித்துவிட்டுத்தான் நிறுத்துவான். அதிகாரியை நான் நம்பவில்லைதான். ஆனால் அவர் கேட்டதை உள்ளபடியே எழுதினார், அதை ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில் அவருடைய முடிவு மன்றத்துக் கதவில் ஒட்டப்பட்டது: பாதையில் பொதுமக்கள் நடமாட்டம் உண்டு, விற்கலாகாது. மேயர் ஒரு வாரம் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

அதற்குப் பின் வந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. இறங்கிப் போனேன். ஆறு ஏறி, செவ்வந்தித் தொட்டியைக் கொண்டுபோயிருந்தது. கல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தெல்கூர் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார், ஆப்பிள் சாராயம், நம்மூர்ச் சரக்கு. குடித்தேன். அவரும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? உங்க மனைவிக்கு என்ன ஆச்சு?"

பாடுவாள், சிரிப்பாள் என்று ஆரம்பிக்கத்தான் வாய் போனது. நிறுத்தினேன்.

"ஒரு செவ்வாய்க்கிழமை," என்றேன். "நான் லாரியைக் கழுவிட்டு இருந்தேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. அவ காப்பி போட்டுட்டு இருந்தா, ஏதோ பாட்டு முணுமுணுத்துட்டு இருந்தா. பாட்டு நின்னுபோச்சு. கப்பு உடைஞ்சுது. நான் ஓடினேன். செத்துப்போயிட்டா."

தண்ணீர் கற்களில் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது, ஆனால் முன்பு போல் இல்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். சொன்ன பிறகும் ஆறு அங்கேயேதான் இருந்தது.

இருட்டுவதற்கு முன் கிளம்பினோம். அவர் முன்னால் ஏறினார். வளைவில் முள்ளுக்கொடி ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. அதைத் தூக்கி, நான் கடக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நன்றி சொல்லவில்லை. பாதை ஊருடையது.